ஒரே பெயர், நாலு ட்யூப்

மாதவிடாய் நின்ற பிறகு ‘கிரீம்’ தேடும் பெண்களுக்குத் தேவைப்படுவது எது, கடையில் கிடைப்பது எது?

மெடிக்கல் கடைக்கு ராத்திரி எட்டு மணிக்குத்தான் கூட்டம் வரும். சுகர் மாத்திரைக்கு வந்த பெரியவர், இருமல் மருந்து கேட்கும் அப்பா, கைக்குழந்தைக்கு நாப்கின் வாங்க வந்த இளைஞர் என்று படி முழுக்க ஆட்கள். காய்கறிப் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி ஓரமாக நின்றார் சித்தி. வயது 53. தன் முறை வந்தும் மூன்று பேருக்கு விட்டுக்கொடுத்தார். கடைசி ஆண் படியிறங்கிப் போன பிறகு, கவுன்ட்டர் பையன் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த சோப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “எரிச்சலுக்கு ஒரு ஆயின்மென்ட் குடுப்பா.”

எங்கே எரிச்சல் என்று அவன் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஒரு சின்ன ட்யூப் காக்கிக் கவருக்குள் போனது, கவர் வெண்டைக்காய்க்கு அடியில் போனது. அரை நிமிடத்தில் வைத்தியம் முடிந்துவிட்டது.

அந்த ட்யூப் எட்டு மாதம் ஓடியது. தடவினால் இரண்டு நாள் அடங்கும், மூன்றாம் நாள் மறுபடி எரியும். நடுவில் மூன்று முறை நீர்க்கடுப்பு வந்து, மூன்று முறையும் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டார். பார்லிக் கஞ்சி, இளநீர், வெந்தயம் எல்லாம் பார்த்தாயிற்று. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது என்பதால் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை. காரணம் கேட்டவர்களிடம் முட்டுவலி என்று சொன்னார்.

கடைசியில் ஒரு பெண் மருத்துவர் பரிசோதித்துவிட்டு வேறொரு கிரீம் எழுதிக் கொடுத்தார். சித்தி வாங்கி வந்து அட்டையைத் திறந்தார். எட்டாக மடித்த மெல்லிய தாள் ஒன்று உள்ளே இருந்தது. மகன் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தான். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டு. சித்தி ட்யூபை மறுபடி அட்டைக்குள் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்குப் பின்னால் தள்ளிவிட்டு எனக்கு போன் செய்தார். “ஏம்மா, கேட்டு வாங்குனது எரிச்சலுக்கு. குடுத்தது கேன்சரா?”

இந்தக் கட்டுரை அந்த போனில்தான் ஆரம்பித்தது. விசாரிக்க விசாரிக்க ஒன்று தெளிவானது. ‘கிரீம்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலு சாமான்கள் இருக்கின்றன. எது நல்ல கிரீம் என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. தொல்லை உடம்பில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதி பதில் கிடைத்துவிடும்.

என்னதான் நடக்கிறது?

தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராவிட்டால் அது மெனோபாஸ். மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் வருவது, இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதையொட்டியே வந்துவிடுகிறது. சினைப்பை ஓய்வெடுக்கிறது, ஈஸ்ட்ரோஜன் சுரப்பு இறங்குகிறது. அதன் விளைவு இரண்டு இடத்தில் தெரியும்.

ஒன்று, உடம்பு முழுக்க. மார்கழி மாதம் வீடே போர்த்திக்கொண்டு தூங்கும்போது ஒருத்தி மட்டும் எழுந்து ஃபேனை ஐந்தில் வைப்பாளே, அது. நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று குப்பென்று ஏறும் சூடு, நனைந்துபோகும் ஜாக்கெட், அதிகாலை மூன்று மணிக்குக் கலையும் தூக்கம். அமெரிக்காவில் பல ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியான ஆய்வில் இந்தச் சூடு சராசரியாக 7 ஆண்டுக்கு மேல் நீடித்தது தெரியவந்தது. நம்மூரில் இதற்கு வெயில் மேல் பழி போட வசதி இருக்கிறது. அதனால் பலர் கடைசிவரை இதற்குக் காரணம் மெனோபாஸ் என்று தெரியாமலே கடந்துவிடுகிறார்கள்.

இரண்டு, கீழே மட்டும். பிறப்புறுப்பின் உள்தோல் ஈஸ்ட்ரோஜனை நம்பித்தான் தடிப்பாகவும் ஈரமாகவும் இருக்கிறது. அது குறைந்தால் தோல் மெலிந்து வறண்டுபோகும். அங்கே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அமிலம் சுரந்து கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் வைத்திருந்தன. அவற்றுக்கும் தீனி இல்லாமல் போகிறது. எரிச்சல், அரிப்பு, தாம்பத்தியத்தில் வலி, அடிக்கடி சிறுநீர் முட்டுவது, திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு எல்லாம் இங்கிருந்து கிளம்புபவை. மெனோபாஸ் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது. சூடு காலப்போக்கில் தணியும். வறட்சி அப்படித் தணியாது, கவனிக்காமல் விட்டால் வருடத்துக்கு வருடம் கூடும்.

முதல் ட்யூப்: கவுன்ட்டரில் கிடைத்தது

சித்திக்கு முதலில் கிடைத்தது என்ன? காலி ட்யூபைத் தேடி எடுத்துப் பார்த்தோம். நாலு மருந்து ஒன்றாகக் கலந்த கிரீம். பாக்டீரியாவுக்கு ஒன்று, ஒட்டுண்ணிக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று. இவற்றோடு குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது இது.

ஸ்டீராய்டு எரிச்சலை அமுக்கும். அதனால்தான் தடவிய இரண்டு நாளில் சுகம் தெரிகிறது. ஆனால், மாதக்கணக்கில் தடவினால் தோலையே மெலியவைக்கும். ஏற்கெனவே மெலிந்துபோன தோல் மேலும் மெலிகிறது. பூஞ்சை இருந்தால் அது ஸ்டீராய்டின் மறைவில் வளரவும் செய்யும். சித்தி எட்டு மாதம் செய்தது, எரிகிற அடுப்பைத் தட்டு போட்டு மூடியது மாதிரி.

ஸ்டீராய்டு பூச்சுகளை இப்படிச் சகட்டுமேனிக்கு விற்பதைத் தடுக்கத்தான் 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கலாம் என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்துவிட்டது. ஆனால் ‘எரிச்சலுக்கு ஆயின்மென்ட்’ என்று கேட்டால் சீட்டு கேட்காமல் எடுத்து நீட்டும் கை இன்னும் பல கடைகளில் இருக்கிறது.

கடைப் பையனை மட்டும் குறை சொல்ல முடியாது. அவனிடம் சொல்லப்பட்டது ஒரே ஒரு சொல். அரிப்புக்குச் சர்க்கரை நோய் காரணமாக இருக்கலாம். ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வரும். வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்து அரிக்கும் ஒரு தோல் நோயும் இந்த வயதில் வருவதுண்டு. அதற்கு வீரியமான ஸ்டீராய்டுதான் மருந்து, டாக்டர் கண்காணிப்பில். ஆக, ஒரே எரிச்சலுக்கு மூன்று காரணம், மூன்று வைத்தியம். கண்ணால் பார்க்காமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது ட்யூப்: அங்கே மட்டும் வேலை செய்வது

மருத்துவர் எழுதிக்கொடுத்தது பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீம். இந்த வகையில் ஈஸ்ட்ரியால் என்ற மென்மையான ஈஸ்ட்ரோஜன் கொண்டவை உண்டு. சினையான குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் கலவை கொண்டவையும் உண்டு. கிரீமாக இல்லாமல், உள்ளே வைக்கும் சின்ன மாத்திரையாகவும் சில நாடுகளில் வளையமாகவும்கூட இதே மருந்து வருகிறது. எந்த வடிவம் என்பது அவரவர் வசதி. அவற்றுக்கிடையே பலனில் பெரிய வித்தியாசம் கிடையாது.

இது சூட்டுக்கான மருந்து இல்லை, தூக்கமின்மைக்கும் உதவாது. உள்தோலை மறுபடி தடிக்கவைத்து ஈரத்தைக் கொண்டுவருவதே இதன் வேலை. அதைக் கச்சிதமாகச் செய்கிறது என்பதற்கு 1993-ல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சாட்சி. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் 93 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரியால் கிரீம், இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் கிரீம். வெறும் கிரீம் பூசியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 5.9 முறை தொற்று வந்தது. ஈஸ்ட்ரியால் பூசியவர்களுக்கு 0.5 முறை. ஓடிப்போன நல்ல பாக்டீரியாக்கள் ஒரே மாதத்தில் பெரும்பாலோருக்குத் திரும்பி வந்திருந்தன.

சித்தி விழுங்கிய மூன்று ஆன்டிபயாட்டிக் கோர்ஸை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கோர்ஸும் கெட்ட கிருமியோடு மிச்சமிருந்த நல்ல கிருமியையும் துடைத்துக்கொண்டு போனது. அடுத்த தொற்றுக்கு வாசல் இன்னும் அகலமாகத் திறந்தது.

■ பெட்டி: உள்ளே வைக்கும் கிரீம் – எப்படி, எவ்வளவு?

• வழக்கமாக முதல் 2–3 வாரம் தினமும் ராத்திரி ஒரு முறை. பிறகு வாரத்துக்கு 2 முறை. சரியான அளவை டாக்டர் சொல்வார்.
• அட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாயில் கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வரைதான். கூடுதலாக வைத்தால் சீக்கிரம் குணமாகாது.
• படுக்கப் போகும் முன் வைத்தால் வழிந்து வராது. குழாயை வெதுவெதுப்பான நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள், கொதிக்கவைத்தால் வளைந்துவிடும்.
• இரண்டு நாளில் பலன் எதிர்பார்க்க வேண்டாம். முழுப் பலன் தெரிய 3 மாதம்கூட ஆகலாம்.
• நிறுத்தினால் வறட்சி மெல்லத் திரும்பும். பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார்கள்.
• கிரீமில் உள்ள எண்ணெய்ப் பசை ஆணுறையைப் பலவீனமாக்கலாம். தேங்காய் எண்ணெய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பயமுறுத்தும் தாள் எங்கிருந்து வந்தது?

பட்டுப்புடவைக்குப் பின்னால் ட்யூபை ஒளியவைத்த அந்தத் தாளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவில் 1942-லேயே குதிரைச் சிறுநீர் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சந்தைக்கு வந்துவிட்டது. 1960-களில் அதை இளமை காக்கும் மாத்திரை என்று கொண்டாடினார்கள். 1975-ல் முதல் அடி விழுந்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகச் சாப்பிட்டவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்று கூடுவது தெரியவந்தது. உடனே அதோடு புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தைச் சேர்த்தார்கள். 2002 ஜூலையில் இரண்டாவது அடி. ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற பிரமாண்ட ஆய்வில், 16,608 பெண்கள் பங்கேற்ற கூட்டு மாத்திரைச் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்று, மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு நாலும் கூடியிருந்தன.

செய்தி உலகம் முழுக்கப் பரவியது, கணக்கு பரவவில்லை. 10,000 பெண்கள் ஓராண்டு சாப்பிட்டால் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்று. சோதனையில் இருந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிலக்கு நின்று பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழிந்தவர்களே அதிகம். கர்ப்பப்பை எடுக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜனை மட்டும் சாப்பிட்ட இன்னொரு பிரிவில் மார்பகப் புற்று கூடவில்லை. ஆனால், பயம் ஒருமுறை வீட்டுக்குள் வந்தால் லேசில் போகாது. லட்சக்கணக்கான பெண்கள் மருந்தை விட்டார்கள், டாக்டர்கள் எழுதுவதை விட்டார்கள்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெயர் இருந்தால் போதும், எல்லா அட்டைகளிலும் ஒரே எச்சரிக்கை என்று அமெரிக்காவில் முடிவானது. விழுங்கி ரத்தத்தில் கலக்கும் மாத்திரைக்கும், கடுகளவு மருந்தை ஒரே இடத்தில் வைக்கும் கிரீமுக்கும் ஒரே கட்டம் கட்டிய வாசகம். குறைந்த அளவில் உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் மிகச் சொற்பமே கலக்கிறது. மெனோபாஸ் தாண்டிய பெண்ணின் ரத்தத்தில் இயல்பாக இருக்கும் அளவை அது பெரிதாக உயர்த்துவதில்லை. அதே ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ பெண்களில் இந்தக் கிரீம் வகையைப் பயன்படுத்தியவர்களைத் தனியே பிரித்துப் பார்த்து 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். மார்பகப் புற்றோ, மாரடைப்போ, பக்கவாதமோ அவர்களுக்குக் கூடவில்லை.

2025 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்தக் கட்டம் கட்டிய எச்சரிக்கைகளில் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அறிவித்தது. உடல் முழுக்கப் பரவும் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கர்ப்பப்பைப் புற்று வரலாம் என்ற எச்சரிக்கை மட்டும் தொடர்கிறது. அதற்கு நியாயமும் உண்டு. அடுத்த ட்யூபில் அது தெரியும்.

மூன்றாவது ட்யூப்: கையில் தடவும் ஜெல்

மார்கழியில் வேர்க்கும் பெண்ணுக்கு உள்ளே வைக்கும் கிரீம் உதவாது. அவளுக்கு ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் கலந்தாக வேண்டும். அதற்கு மாத்திரை உண்டு, தோலில் ஒட்டும் பட்டை உண்டு, ஈஸ்ட்ரடையால் ஜெல்லும் உண்டு. தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும் ஜெல்லைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை, அல்லது தொடையில், மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். பரவலாக விற்கும் 0.06 சதவீத ஜெல்லில் ஒரு அழுத்துக்கு 1.25 கிராம் வரும். அதில் மருந்து 0.75 மில்லிகிராம். பார்க்கக் கை கழுவும் சானிடைசர் போல இருந்தாலும் இது முழு வீச்சு ஹார்மோன் சிகிச்சை.

மாத்திரையைவிட ஜெல்லுக்கு ஒரு அனுகூலம். விழுங்கிய மாத்திரை முதலில் ஈரலுக்குப் போகிறது. ரத்தம் உறையவைக்கும் பொருட்களை ஈரல் அப்போது கூடுதலாகச் சுரக்கிறது. தோல் வழியே போகும் மருந்து அந்த வழியைத் தொடுவதில்லை. அதனால், வழக்கமான அளவில் ஜெல், பட்டை பயன்படுத்துவோருக்கு ரத்தக்கட்டு அபாயம் கூடவில்லை என்று பிரான்ஸ், பிரிட்டன் ஆய்வுகள் காட்டின. உடல் பருமன் உள்ளவர்களுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் டாக்டர்கள் மாத்திரையைத் தள்ளிவிட்டு ஜெல்லை எழுதுவது இதனால்தான்.

இங்கே கர்ப்பப்பை உள்ளவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்த்துக்கொண்டே போகும். பறிக்க ஆளில்லாத கொல்லைக் கீரை மாதிரி. அதை அடக்கி வைப்பது புரோஜெஸ்ட்ரோன். 1996-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூன்று ஆண்டு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தனியாகச் சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குக் கவலைப்பட வேண்டிய அளவு சவ்வு தடித்திருந்தது. ஆகவே ஜெல் தடவுகிறவர் புரோஜெஸ்ட்ரோன் மாத்திரையும் எடுக்க வேண்டும், அல்லது அந்த மருந்தைச் சுரக்கும் கருத்தடைச் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ‘ஜெல் மட்டும் போதும், மாத்திரை சூடு’ என்று பாதியை விட்டால் வைத்தியமே வினையாகும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பாட்டிகள் கவனிக்க வேண்டியது. தோலில் காயாத ஹார்மோன் அடுத்தவர் தோலுக்கு ஒட்டிக்கொள்ளும். 2010-ல் அமெரிக்காவில், தாயின் கையில் தெளித்திருந்த ஈஸ்ட்ரோஜன் ஸ்பிரே பட்டுச் சின்னக் குழந்தைகளுக்கு மார்பு பெரிதான சம்பவங்கள் வெளிவந்து அரசே எச்சரித்தது. ஜெல் தடவிய கையோடு பேரனைத் தூக்கக் கூடாது. கையை நன்றாகக் காயவிட்டு, முழுக்கைத் துணியால் மூடி, உள்ளங்கையைக் கழுவிவிட்டுத் தூக்கலாம்.

எப்போது தொடங்குவது? 60 வயதுக்கு உள்ளே, அல்லது மாதவிலக்கு நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குகிறவர்களுக்கு லாபம் அதிகம், அபாயம் குறைவு என்பது இன்று மெனோபாஸ் மருத்துவச் சங்கங்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு.

நாலாவது ட்யூப்: ‘இயற்கை’ என்று வருவது

அமெரிக்காவில் இருக்கும் மகள் அனுப்பிவைத்தது, ஆன்லைனில் வந்தது, யாரோ சொல்லி வாங்கியது. அட்டையில் இலை, கிழங்குப் படம். ‘காட்டுவள்ளிக்கிழங்கு கிரீம்’ அல்லது ‘இயற்கை புரோஜெஸ்ட்ரோன்’ என்று எழுதியிருக்கும்.

கிழங்குக் கதையில் பாதி உண்மை. ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1940-களில் மெக்ஸிகோவின் காட்டுவள்ளிக்கிழங்கிலிருந்து டயோஸ்ஜெனின் என்ற பொருளைப் பிரித்து, அதிலிருந்து புரோஜெஸ்ட்ரோன் தயாரித்தார். நம்மூர் வள்ளிக்கிழங்கு, யாழ்ப்பாணத்தில் இனிப்பாகக் காய்ச்சும் இராசவள்ளிக்கிழங்கு எல்லாம் அதே பேரினத்துச் சொந்தங்கள். ஆனால் அந்த மாற்றம் நடந்தது ஆய்வுக்கூடத்தில், படிப்படியான ரசாயன வேலையில். நம் தோலுக்கோ குடலுக்கோ அந்த வித்தை தெரியாது. 2001-ல் ஆஸ்திரேலியாவில் 23 பெண்களுக்குக் காட்டுவள்ளி கிரீமையும் வெறும் கிரீமையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். சூட்டிலும் வித்தியாசமில்லை, ரத்த ஹார்மோனிலும் வித்தியாசமில்லை.

நிஜமாகவே புரோஜெஸ்ட்ரோன் கலந்த கிரீமின் சிக்கல் வேறு. தோல் வழியே போகும் புரோஜெஸ்ட்ரோன் கர்ப்பப்பைச் சவ்வைக் காக்கும் அளவுக்கு ரத்தத்தில் சேர்வதில்லை. ஜெல்லுக்குத் துணையாக மாத்திரைக்குப் பதில் இந்தக் கிரீமைத் தடவுகிற பெண், காவல் இருப்பதாக நம்பிக்கொண்டு காவலில்லாமல் இருக்கிறாள். நாலில் ஆபத்தான தவறு இதுதான்.

‘உங்களுக்கென்றே கலந்து தருகிறோம்’ என்று வெளிநாட்டில் விற்கும் தனிக் கலவை ஹார்மோன்களையும் இதே வரிசையில் வைக்கலாம். ஒவ்வொரு டப்பாவிலும் மருந்து அளவு ஒன்றுபோல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2020-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகளின் குழு பரிந்துரைத்தது. உடலில் சுரப்பதற்கு ஒப்பான ஹார்மோன்தான் வேண்டும் என்றால், டாக்டர் எழுதும் ஈஸ்ட்ரடையால் ஜெல்லும் நுண்ணிய புரோஜெஸ்ட்ரோன் மாத்திரையும் அதே ஹார்மோன்கள்தான். அளவு சோதிக்கப்பட்டவை.

■ பெட்டி: தொல்லை எங்கே? மருந்து எது?

• கீழே வறட்சி, எரிச்சல், உறவில் வலி, திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு: உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீம். கர்ப்பப்பை இருந்தாலும் வழக்கமான குறைந்த அளவுக்குப் புரோஜெஸ்ட்ரோன் துணை தேவையில்லை.
• திடீர்ச் சூடு, ராத்திரி வேர்வை, கலையும் தூக்கம்: ஜெல், பட்டை அல்லது மாத்திரை. கர்ப்பப்பை இருந்தால் புரோஜெஸ்ட்ரோன் கட்டாயம்.
• இரண்டும் இருந்தால்: ஜெல்லோடு உள்ளே வைக்கும் கிரீமும் சேர்த்தே எழுதுவதுண்டு.
• ஹார்மோன் வேண்டாம் என்றால்: வறட்சிக்கு ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல்கள். சூட்டுக்கு, மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டில் வேலை செய்யும் ஹார்மோன் அல்லாத மாத்திரை 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கர்ப்பப்பை எடுத்தவர்களின் கணக்கு வேறு

இந்தியாவில் இந்தப் பேச்சை மெனோபாஸோடு நிறுத்த முடியாது. 2015-16 தேசிய குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 சதவீதம் பேர் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். ஆந்திராவில் அது 8.9 சதவீதம், தெலங்கானாவில் 7.7. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள், மாதவிலக்கால் கூலி போகக் கூடாது என்று இள வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-ல் நாட்டையே உலுக்கியது.

கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டால் மறுநாளே மெனோபாஸ். படிப்படியாக இறங்க வேண்டிய மாடியிலிருந்து ஒரே தள்ளு. அது 38 வயதில் நடந்தால், இயல்பாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் கொடுப்பதே பொதுவான மருத்துவ முறை. இல்லாவிட்டால் எலும்பும் இதயமும் சீக்கிரமே விலை கொடுக்கும். இவர்களுக்குப் பெரும்பாலும் புரோஜெஸ்ட்ரோன்கூட வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். ஆனால் இவர்களில் பலருக்கு வயிற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்பதே தெரியாது. “எல்லாத்தையும் எடுத்துட்டாங்க” என்று ஒரே வரியில் சொல்வார்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, சினைப்பை எடுக்கப்பட்டதா என்று டாக்டரிடம் வாசிக்கச் சொல்லுங்கள். எந்த கிரீம் என்ற கேள்விக்கான பதில் பல வீடுகளில் அந்த மஞ்சள் ஃபைலுக்குள்தான் இருக்கிறது.

■ பெட்டி: கிரீமைத் தேடும் முன் டாக்டரைத் தேடுங்கள்

• மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் ஸ்கேன் அவசியம். அப்படி வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்று இருக்கிறது.
• மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்கள்: உள்ளே வைக்கும் கிரீமைக்கூடப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.
• முன்பு மாரடைப்பு, பக்கவாதம், கால் ரத்தக்கட்டு, தீவிர ஈரல் நோய் உள்ளவர்கள்: ஜெல், மாத்திரை தொடங்கும் முன் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.
• ஆறாத புண், வெள்ளைத் திட்டு, கட்டி: தடவிப் பார்க்கும் விஷயம் அல்ல.

கேட்க ஒரு வாய், கேட்டுக்கொள்ள ஒரு காது

பிரிட்டனில் 2021-ல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டாவினா மெக்கால் தன் மெனோபாஸ் அனுபவத்தை ஆவணப்படமாக்கினார். அடுத்த ஆண்டு ஜெல் கேட்டு வந்த கூட்டத்துக்கு மருந்து பற்றவில்லை. தட்டுப்பாட்டைக் கவனிக்க அரசு தனியாக ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டிவந்தது. 2022 செப்டம்பரிலிருந்து, உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை 50 வயது தாண்டிய பெண்கள் அங்கே மருந்தாளரிடமே பேசி, சீட்டில்லாமல் வாங்கலாம். மருந்தாளர் கேள்விகள் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்.

நம் கடைகளிலும் சீட்டில்லாமல் கிடைக்கிறதே என்று தோன்றலாம். கேள்வி கேட்காமல் கிடைக்கிறது, கேட்டதும் கிடைப்பதில்லை. பெரிய பெண்ணானவளுக்கு உளுந்தங்களி கிண்டிப் போட்டு ஊரைக் கூட்டிச் சீர் செய்கிற சமூகம், மாதவிலக்கு நிற்கிற வயதில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. புருஷனிடம் வலி என்று சொல்ல முடியாமல் தலைவலி என்கிறாள். சுகருக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் பார்க்கும் டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை, அவர் கேட்கவில்லை என்பதால்.

சொல்வதற்குப் பெரிய சொற்கள் வேண்டாம். கடைசியாக எப்போது தீட்டு வந்தது, கர்ப்பப்பை இருக்கிறதா, தொல்லை உடம்பு முழுக்கவா கீழே மட்டுமா, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்று உண்டா. இந்த நாலையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினால்கூடப் போதும். டாக்டர் அறையில் வாய் வராதவர்களுக்குக் காகிதம் பேசும்.

சித்திக்கு அந்தத் தாளை நான் வரி வரியாகப் படித்துச் சொன்னேன். மாத்திரைக்கான எச்சரிக்கை எது, அவர் கிரீமுக்குப் பொருந்துவது எது என்று பேனாவால் கோடு போட்டோம். மறுவாரம் மருத்துவரிடம் அதே தாளைக் கொண்டுபோய்ச் சந்தேகம் கேட்டுவிட்டு வந்தார். அதன் பிறகே ட்யூப் பட்டுப்புடவையை விட்டு வெளியே வந்தது.

மூன்று மாதம் கழித்துப் போனபோது, பற்பசை மாதிரி அடியிலிருந்து சுருட்டிய ட்யூப் அலமாரியில் சீப்புக்குப் பக்கத்தில் நின்றது. வாரத்துக்கு இரண்டு முறை என்றால் எந்தக் கிழமை என்று மறந்துவிடாதா என்று கேட்டேன். “எண்ணெய் தேச்சுக் குளிக்கிற நாளை யாராச்சும் மறப்பாங்களா? செவ்வாய், வெள்ளி” என்றார். நாள்காட்டியைப் பார்த்தேன். அடுத்த வெள்ளிக்குக் கீழே பென்சிலில் இன்னொன்றும் எழுதியிருந்தது: மதுரை, வளைகாப்பு, காலை பஸ்.